அக்குள் ஈரமா, காய்ந்திருக்கிறதா? மஸ்கரினிக் ஏற்பிகளும் அட்ரோபின் கணக்கும்

1. கெடிலக்கரை (பயிற்சி மருத்துவர், கடலூர்)

பூச்சிமருந்து விஷத்துக்கு மாற்று மருந்தான அட்ரோபினை ஏற்றும்போது எதைப் பார்த்து நிறுத்துவது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. கண் பாப்பா விரிந்தால் போதும் என்கிறார் ஒருவர். நாடி 120 தொட வேண்டும் என்கிறார் இன்னொருவர். மூன்று சந்தேகம் இருக்கிறது.

ஒன்று, கண்ணை நம்பலாமா? இரண்டு, நாடி குறைந்தவருக்கு 1 மி.கி. அட்ரோபின் போதும்போது, இங்கே மட்டும் ஏன் ஆம்பூல் ஆம்பூலாக உடைக்கிறோம்? மூன்று, நெஞ்சு சுத்தமாகி நாடியும் ஏறிய பிறகு ஆள் ஏன் துணிபோலத் துவண்டு கிடக்கிறார்?

பாடப் புத்தகத்தில் அட்ரோபின் அடைக்கும் மஸ்கரினிக் ஏற்பியின் வகைகளுக்கு எம்1 முதல் எம்5 வரை அட்டவணை இருக்கிறது. அது பரீட்சைக்கு உதவுகிறது, படுக்கையருகே உதவவில்லை.

2. மருந்தியல் வாத்தியார் (புதுச்சேரி)

தம்பி, அட்டவணையைக் குறுக்கே படித்தால் உதவாது. உறுப்பு உறுப்பாக மேலிருந்து கீழே படிக்க வேண்டும்.

முதலில் அடிப்படை. நரம்பு விடும் தூதுப்பொருளான அசிட்டைல்கோலின் ஒன்றுதான், அதை வாங்கிக்கொள்ளும் வாசல், அதாவது ஏற்பி, இரண்டு வகை. காளானிலிருந்து எடுத்த மஸ்கரின் ஒரு வகையைத் தட்டும், புகையிலையின் நிகோடின் இன்னொன்றைத் தட்டும். 1914-இல் ஹென்றி டேல் இந்த இரண்டு செயலையும் பிரித்துக் காட்டினார். 1921-இல் ஆட்டோ லோவி தவளை இதயத்தை வைத்து, வேகஸ் நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தை மெதுவாக்குகிறது என்று நிறுவினார். 1936-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு.

நிகோடினிக் ஏற்பி அயனிகளுக்கான கதவு. திறந்த கணமே அயனி உள்ளே போகும், மில்லி விநாடியில் வேலை முடியும். மஸ்கரினிக் ஏற்பி கதவு இல்லை, அழைப்பு மணி. அடித்ததும் உள்ளே இருக்கும் ஜி புரதம் எழுந்து போய் வேலையைச் செய்ய வேண்டும், அதனால் சற்று மெதுவாக நடக்கும். எம்1, எம்3, எம்5 மூன்றும் ஜிக்யூ வழி: பாஸ்போலிபேஸ் சி, பிறகு ஐபி3, அதன்பின் செல்லுக்குள் கால்சியம் ஏற்றம். கால்சியம் ஏறினால் மிருதுத்தசை சுருங்கும், சுரப்பி சுரக்கும். எம்2, எம்4 இரண்டும் ஜிஐ வழி: சைக்ளிக் ஏஎம்பி என்ற உள்தூதுப்பொருள் குறையும். இதயத்தில் அதே ஜி புரதத்தின் பீட்டா-காமா துண்டு பொட்டாசியம் வாய்க்காலைத் திறந்துவிடும். துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு செல் எதிர்மின் பக்கம் ஆழ இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அடுத்த துடிப்புக்கு நேரமாகும். துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் ஏவி கணுவிலும் இதுவே நடப்பதால்தான் ஈசிஜியில் பிஆர் இடைவெளி நீள்கிறது.

இப்போது உறுப்புகள். இதயத்தில் எம்2. மூச்சுக்குழல் தசையிலும் சளிச் சுரப்பியிலும் எம்3. உமிழ்நீர், கண்ணீர், குடல், கண் பாப்பாவைச் சுருக்கும் தசை, பார்வைக் குவியத்தை மாற்றும் சிலியரித் தசை, சிறுநீர்ப்பை எல்லாவற்றிலும் பெரும்பாலும் எம்3. மூளைப் புறணி, ஹிப்போகாம்பஸ், நரம்பு முடிச்சுகளில் எம்1.

வியர்வைச் சுரப்பியை மறக்கவே கூடாது. நரம்பு சிம்பதெடிக் (உடலை உசுப்பும் தன்னியக்க நரம்பு), ஆனால் அது அங்கே விடுவது அசிட்டைல்கோலின், வாங்குவது எம்3. அதனால்தான் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து விஷத்தில் ஆள் தொப்பலாக நனைகிறார், ஊமத்தை விஷத்தில் காய்ந்துபோகிறார். அக்குளில் கைவிட்டுப் பார்ப்பது சிரிப்புக்குரிய பரிசோதனை இல்லை. எம்3 திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்பதை ஐந்து விநாடியில், காசில்லாமல் சொல்லும்.

3. நைட் டூட்டி சிஸ்டர் (தீவிர சிகிச்சைப் பிரிவு, கடலூர்)

வாத்தியார் சொன்ன அக்குளை வழிமொழிகிறேன். பவுடர் போட்டிருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஃபேன் நேராக அடிக்கும் படுக்கையில் நெற்றியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தம்பியின் முதல் கேள்விக்கு: கண்ணை நம்பி நிறுத்தவும் கூடாது, கண்ணுக்காகத் துரத்தவும் கூடாது. பூச்சிமருந்து கண்ணில் தெறித்திருந்தால் உள்ளூர் விளைவாலேயே பாப்பா ஊசிமுனையாக இருக்கும். ரத்தக்குழாயில் ஏற்றும் அட்ரோபினுக்குக் கண் கடைசியாகத்தான் பதில் சொல்லும். சிலருக்கு நிகோடினிக் பக்கம் தூண்டப்பட்டுச் சிம்பதெடிக் ஓங்கினால், ஆரம்பத்திலேயே பாப்பா விரிந்திருக்கும். அப்படி வந்தவரைப் பார்த்து “அட்ரோபின் தேவையில்லை” என்று முடிவு கட்டினால் நெஞ்சில் தண்ணீர் கட்டிவிடும்.

ஐந்தைப் பாருங்கள். நெஞ்சில் இரண்டு பக்கமும் கரகரப்பும் வீசிங்கும் இல்லை. நாடி 80-க்கு மேல். மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல். அக்குள் உலர்ந்திருக்கிறது. பாப்பா ஊசிமுனையாக இல்லை. இதில் முதல் மூன்றுதான் உயிர், மற்ற இரண்டும் துணை.

ஒரு மூலையில் மட்டும் கரகரப்பு விடாமல் கேட்டால் அது வாந்தி புரையேறிய நிமோனியாவாக இருக்கலாம். அதை அட்ரோபினால் உலர்த்த முடியாது. அதைத் துரத்திப் போய்த்தான் பல பேர் அளவு தாண்டுகிறார்கள்.

4. மயக்கவியல் (புதுச்சேரி)

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அட்ரோபின் போட்டித் தடுப்பான். ஏற்பியை உடைப்பதில்லை, இருக்கையில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். சாதாரண பிராடிகார்டியாவில் (நாடி குறைவில்) இருக்கைக்கு வரும் அசிட்டைல்கோலின் கொஞ்சம், உடனுக்குடன் கோலினெஸ்டரேஸ் அதை வெட்டிவிடும். அங்கே 1 மி.கி. போதும், மொத்தம் 3 மி.கி.யோடு நிறுத்திவிடுவோம். ஆர்கனோபாஸ்பேட்டில் வெட்டுகிற நொதியே கட்டிப்போடப்பட்டிருக்கிறது. கூட்டம் ஏறிக்கொண்டே போகும். எத்தனை பேர் எதிரில் நிற்கிறார்கள் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால்தான் நிலையான டோஸ் கிடையாது, இரட்டிப்புக் கணக்கு.

நம்மூர் ஆம்பூல் 1 மி.லி.யில் 0.6 மி.கி. பெரியவருக்கு:

தொடக்கம் 1.8 மி.கி., அதாவது 3 ஆம்பூல். ஐந்து நிமிடம் கழித்து ஐந்து குறிகளையும் பார். முன்னேற்றம் இல்லையென்றால் 3.6, அதாவது 6 ஆம்பூல். அடுத்த ஐந்து நிமிடம், 7.2, அதாவது 12. அதற்கடுத்து 14.4, அதாவது 24. பதினைந்து நிமிடத்தில் 27 மி.கி., 45 ஆம்பூல் போயிருக்கும். முன்னேற்றம் தெரியத் தொடங்கியதும் இரட்டிப்பதை நிறுத்து. அதே அளவையோ குறைத்தோ கொடு.

“ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 2 மி.கி.” என்று மாறாமல் கொடுத்துக்கொண்டிருந்தால் இதே 27-ஐ எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த ஒரு மணி நேரம் நோயாளி தன் சளியிலேயே மூழ்கிக்கொண்டிருப்பார். வங்கதேசத்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. இரட்டிப்பும் தொடர் சொட்டும் கொடுத்த பிரிவில் இறப்பு 8 சதவீதம், பழைய முறையில் 22.5 சதவீதம்.

5. கெடிலக்கரை

45 ஆம்பூல் உடைக்க ஒரு ஆள் தனியாக வேண்டும் போலிருக்கிறதே டாக்டர். நாடி ஏற்கெனவே 130 இருந்தால்? ஆக்சிஜன் போடாமல் அட்ரோபின் கொடுத்தால் இதயம் நின்றுவிடும் என்றும் ஒரு பேச்சு உண்டு.

6. மயக்கவியல்

ஆள் வேண்டும்தான். ஒருவர் உடைக்க, ஒருவர் இழுக்க, ஒருவர் நேரத்தை எழுத. பெரிய மருந்துக்குப்பி (வயல்) கிடைத்தால் வேலை மிச்சம், ஆனால் லேபிளில் மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று உரக்கப் படித்துவிட்டு இழுங்கள். 0.6-ஐயும் 1-ஐயும் கலந்தால் கணக்கு கவிழும்.

வேகமான நாடி தடை இல்லை. ஆக்சிஜன் குறைவு, நீர்ச்சத்து இழப்பு, பயம், நிகோடினிக் தூண்டல், எல்லாமே நாடியை ஏற்றும். நெஞ்சு நனைந்திருக்கும்போது 130 என்பது அட்ரோபினைக் கேட்கிற 130. நெஞ்சு உலர்ந்து, ஆக்சிஜன் ஏறினால் அதுவே இறங்குவதும் உண்டு.

ஆக்சிஜன் இருந்தால் கட்டாயம் போடுங்கள். சிலிண்டர் வரும்வரை அட்ரோபினைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆக்சிஜன் உள்ளே போக முடியாமல் இருப்பதே சளியால்தான்.

இன்னொன்று, மூச்சுக்குழாய் போட வேண்டி வந்தால் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் வேண்டாம். அதை உடைக்கும், ரத்தத்திலுள்ள பிளாஸ்மா கோலினெஸ்டரேஸும் விஷத்தில் கட்டுண்டு கிடக்கிறது. சில நிமிடத்தில் தீர வேண்டிய தளர்வு மணிக்கணக்கில் நீளும்.

7. நைட் டூட்டி சிஸ்டர்

சொட்டுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு இதில்தான் தடுமாறுவோம்.

உலர்த்துவதற்கு ஆன மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதம், மணிக்கு. மேலே சொன்ன 27 மி.கி. ஆளுக்கு மணிக்கு 2.7 முதல் 5.4. ஐம்பது ஆம்பூலை வேறெதுவும் கலக்காமல் 50 மி.லி. சிரிஞ்சில் இழுத்தால் மி.லி.க்கு 0.6 தான். பம்பில் 4.5 மி.லி. வைத்தால் 2.7 மி.கி., 9 மி.லி. வைத்தால் 5.4 மி.கி. சிரிஞ்சு மாற்றும்போது இடைவெளி விடாதீர்கள். அடுத்ததை முன்பே நிரப்பி லேபிள் ஒட்டி வையுங்கள்.

முதலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, நிலைத்த பிறகு மணிக்கு ஒருமுறை குறிப்பு. ஐந்து குறிகளோடு இன்னும் மூன்று கட்டம் சேர்க்கணும்: குடல் சத்தம், உடல் வெப்பம், மனநிலை. குடல் சத்தமே இல்லை, காய்ச்சல், காற்றில் எதையோ பிடிக்கிறார் என்றால் அளவு தாண்டியாச்சு. சொட்டை நிறுத்தி, அரை மணிக்கொருமுறை பார்த்து, அடங்கியதும் முன்பிருந்த வேகத்தில் சுமார் 80 சதவீதத்தில் மறுபடி தொடங்கணும். நிறுத்தியதை மறந்துவிட்டால் விடியற்காலையில் நெஞ்சு மறுபடி நனையும்.

இன்னொரு விஷயம். ஆள் முரண்டு பிடிக்கிறார், கட்டிலை விட்டு எழப் பார்க்கிறார் என்றால் கட்டிப்போடுவதற்கு முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அட்ரோபின் மூத்திரப்பையையும் முடக்கும். குழாய் போட்டு 800, 900 மி.லி. வடிந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

8. முந்திரிக்காடு (வேளாண் துறை, பண்ருட்டி)

மருத்துவம் என் வேலை இல்லை. ஆனால் ஆள் உங்களிடம் வருவதற்கு முன் நடப்பது எங்கள் பக்கம்.

பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பெயரை மட்டும் கேட்டால் கடைக்காரர் வைத்த செல்லப்பெயரைச் சொல்வார்கள். பைரித்ராய்டும் நியோநிகோடினாய்டும் வேறு வகைப் பூச்சிமருந்துகள், ஆர்கனோபாஸ்பேட் இல்லை. லேபிளில் வேதிப்பெயரும் மாற்று மருந்தும் அச்சிட்டிருக்கும், அட்ரோபின் என்று இருந்தால் அதுவே துப்பு.

முந்திரி பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு அண்ணாந்து அடிக்கிறார்கள். சாரல் முகத்தில் இறங்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பினால் இன்னும் மோசம். சட்டை நனைந்தபடியே வீட்டுக்குப் போனால் தோல் வழியாகவே ஏறிக்கொண்டிருக்கும். துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு, தலைமயிர், காதின் பின்புறம், நகக்கண், தொடை இடுக்கு வரை கழுவ வேண்டும். தோல் பெல்ட், தோல் செருப்பு குடித்ததைத் திருப்பித் தராது, தூக்கிப்போடுங்கள்.

குடித்துவிட்டவருக்கு உப்புத்தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பதைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் அதுவே பெரிய முதலுதவி.

9. மருந்தியல் வாத்தியார்

முந்திரிக்காடு சொன்னது சரி. சுயநினைவு மங்கிய ஆளுக்கு வாந்தி வரவழைத்தால் நுரையீரலுக்குள் போகும். உப்பு அதிகமானால் சோடியமே கொல்லும். மருத்துவமனையிலும் வயிறு கழுவுவதெல்லாம் குடித்து ஒரு மணி நேரத்துக்குள், மூச்சுவழியைப் பாதுகாத்த பிறகுதான். அட்ரோபினை நிறுத்திவைத்துவிட்டு முதலில் வயிறு கழுவ டியூப் போடுவது தலைகீழ் வரிசை.

இப்போது மூன்றாவது கேள்வி. துவண்டு கிடப்பதற்கும் மஸ்கரினிக்குக்கும் சம்பந்தமே இல்லை. எலும்புத்தசையில் இருப்பது நிகோடினிக் ஏற்பி. அட்ரோபின் அங்கே உட்காராது. தசைத் துடிப்பு, கழுத்துத் தளர்ச்சி, உதரவிதானம் ஓய்வது, இவற்றுக்கு எத்தனை ஆம்பூல் உடைத்தாலும் பலன் இல்லை. நொதியை விடுவிக்கத்தான் பிராலிடாக்ஸைம் என்ற ஆக்ஸைம் வகை மருந்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு கிலோவுக்கு 30 மி.கி., 20 முதல் 30 நிமிடத்தில். பிறகு கிலோவுக்கு மணிக்கு 8 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 1.8 கிராம், பிறகு மணிக்கு 480 மி.கி. ஒரே தள்ளாகத் தள்ளினால் வாந்தி, அழுத்த ஏற்றம், இதயம் நிற்பதும் உண்டு.

நேரமும் முக்கியம். விஷம் நொதியோடு ஒட்டியபின் கொஞ்சம் கொஞ்சமாக ‘முதுமை’ அடைகிறது. அதன்பின் ஆக்ஸைமால் பிரிக்க முடியாது. டைமெத்தில் வகைக்குப் பாதி முதுமையடைய சுமார் 3.7 மணி, டைஎத்தில் வகைக்கு சுமார் 33 மணி. மோனோகுரோட்டோபாஸ் முதல் வகை, குளோர்பைரிபாஸ் இரண்டாம் வகை. ஆகவே பாட்டில் வெறும் ஆதாரம் இல்லை, கடிகாரமும் அதில் இருக்கிறது. ஆக்ஸைமின் பலன் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்த ஆய்வு பலன் உண்டு என்றது, இலங்கையில் நடந்தது இல்லை என்றது. அட்ரோபினைப் பற்றி அப்படி ஒரு சண்டையே இல்லை.

10. பாகூர் மெடிக்கல் (மருந்தாளுநர்)

பேச்சு விஷத்திலேயே நிற்கிறது. எங்கள் கவுண்டரில் தினமும் பார்ப்பது இதன் மறுபக்கம்: யாரும் விஷம் என்று நினைக்காத, சின்னச் சின்ன மஸ்கரினிக் அடைப்பு.

எழுபது வயதுத் தாத்தா ஒருவருடைய சீட்டு இப்படி இருக்கலாம்: இரவில் கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் 10, அவசரமாக மூத்திரம் வருவதற்கு ஆக்ஸிபியூட்டினின் 5 இரண்டு வேளை, சளிக்குக் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை, வயிற்று இழுப்புக்கு டைசைக்ளோமின். நான்கும் நான்கு டாக்டர், நான்கு நோய். ஏற்பிக்குத் தெரிவது ஒரே மருந்து. வாய் காயும், மலம் இறுகும், வாசலில் நின்று பெயர் மறந்து திகைப்பார். அடுத்தது மறதிக்கு டோனெபெசில் எழுதப்படும். அது அசிட்டைல்கோலினை ஏற்றி மூத்திர அவசரத்தைக் கூட்டும், அதற்கு ஆக்ஸிபியூட்டினின் கூடும். ஒரு கால் ஆக்சிலேட்டரில், ஒரு கால் பிரேக்கில்.

இதில் முதலில் வெளியேற்ற வேண்டியது குளோர்பெனிரமின், பதிலுக்கு லோராடடின் போன்றது. ஆக்ஸிபியூட்டினினுக்குப் பதில் மிராபெக்ரான் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லலாம், அது பீட்டா3 என்ற வேறு ஏற்பியின் வழி, மஸ்கரினிக்கைத் தொடாது. ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எதையும் தானாகத் திடீரென நிறுத்தச் சொல்லக் கூடாது. உடல் விறைப்புக்குத் தரும் மஸ்கரினிக் அடைப்பு மருந்தான ட்ரைஹெக்ஸிபெனிடிலை ஒரே நாளில் நிறுத்தினால் விறைப்பு திரும்பும், ஆள் படுத்துவிடுவார்.

அக்னி நட்சத்திரத்தில் இது இன்னும் தீவிரம். கடலூர், புதுவைப் புழுக்கத்தில் வியர்வை காய்வதே கஷ்டம். மனநல மருந்தோடு ட்ரைஹெக்ஸிபெனிடில் 2 மி.கி. எடுப்பவருக்கு வியர்வையே வராது. உடல் சூடேறும், வியர்க்கவில்லையே என்று அவர் தண்ணீரும் குடிக்கமாட்டார். ஈரத்துண்டு, ஃபேன், பகல் 12 முதல் 3 வரை நிழல். இதை மாத்திரையோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

11. கெடிலக்கரை

மூத்திரப்பையில் எம்2தான் அதிகம் என்று ஓரிடத்தில் படித்தேன். அப்புறம் ஏன் எல்லா மருந்தும் எம்3-ஐத் துரத்துகிறது?

12. மருந்தியல் வாத்தியார்

எண்ணிக்கையில் எம்2 அதிகம்தான். ஆனால் தசையைச் சுருக்கும் வேலையைச் செய்வது எம்3. எம்2 பக்கத்தில் நின்று, பீட்டா வழியில் வரும் தளர்வைத் தடுத்துக்கொடுக்கிறது. தலை எண்ணிக்கையை வைத்து யார் வேலை செய்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது, அலுவலகங்களிலும் அப்படித்தானே.

நுரையீரலில் எம்2 இன்னொரு வேடம் போடுகிறது. நரம்பு முனையிலேயே உட்கார்ந்து, “போதும், இனி விடாதே” என்று அசிட்டைல்கோலினைக் கட்டுப்படுத்துகிறது. மூச்சுக்குழலை விரிக்க உள்ளிழுக்கும் மருந்தான இப்ராட்ரோபியம் எம்2, எம்3 இரண்டையும் அடைக்கும், அதாவது காவலாளியையும் சேர்த்து. அதே வகையான டையோட்ரோபியம் இரண்டிலும் உட்கார்ந்தாலும் எம்2-இலிருந்து சீக்கிரம் எழுந்துவிடும், எம்3-இல் நெடுநேரம் இருக்கும். நாள் ஒன்றுக்கு 18 மைக்ரோகிராம் ஒரே காப்ஸ்யூல் போதுவது அதனால்தான். உள்ளிழுக்க வேண்டிய அந்தக் காப்ஸ்யூலை விழுங்கிவிடுகிறார்களா என்று கேளுங்கள், விழுங்குபவர்கள் இருக்கிறார்கள்.

மூளைப் பக்கம் எம்1, எம்4-ஐத் தூண்டும் சனோமெலின், ட்ரோஸ்பியத்தோடு சேர்த்து 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் மனச்சிதைவுக்கு அனுமதி பெற்றது. ட்ரோஸ்பியம் ஏன் கூட? அது மூளைக்குள் நுழையாத நான்குகை அமோனியம். வெளியே குடலையும் சுரப்பியையும் அடைத்துவைத்து, உள்ளே சனோமெலினை வேலை செய்யவிடுகிறது. தேர்ந்தெடுக்கத் தெரியாத மருந்துக்கு இரண்டாவது மருந்தால் வேலி கட்டியிருக்கிறார்கள், எனக்குப் பிடித்த தந்திரம்.

13. பாகூர் மெடிக்கல்

வெற்றிலைப் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். பாக்கில் இருக்கும் அரிக்கோலின் மஸ்கரினிக் ஏற்பியைத் தூண்டும். முதன்முறை மெல்பவருக்கு எச்சில் பெருகி, வியர்த்து, தலை சுற்றுவது அதுதான். நிறைய மெல்லும் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இறுகலாம். மனநல மருந்தெடுக்கும் ஒருவருக்குக் காரணமில்லாமல் விறைப்பு கூடினால், பாக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். ட்ரைஹெக்ஸிபெனிடில் அடைத்ததைப் பாக்கு திறந்துகொண்டிருக்கும்.

14. விழிவழி (கண் பரிசோதகர், புதுச்சேரி)

கண் பக்கத்துக்கு ஒரே ஒரு பயன்.

நெபுலைசர் வைத்த ஆளுக்கு ஒரு பாப்பா மட்டும் பெரிதாகி, தலைக்குள் ரத்தக்கசிவோ என்று சிடி ஸ்கேனுக்கு ஓடுவது உண்டு. மாஸ்க் தளர்ந்து இப்ராட்ரோபியம் புகை ஒரு கண்ணில் பட்டால் போதும். ஊமத்தைச் செடியைப் பிடுங்கிய கையால் கண்ணைக் கசக்கினாலும் இப்படித்தான். ஆள் தெளிவாகப் பேசுகிறார், இமை தொங்கவில்லை, விழி எல்லாப் பக்கமும் ஓடுகிறது என்றால் 1 சதவீதப் பைலோகார்பின் ஒரு சொட்டு. விழியை ஓட்டும் மூன்றாம் மூளை நரம்பின் கோளாறென்றால் பாப்பா சுருங்கும். ஏற்பியே மருந்தால் அடைபட்டிருந்தால் சுருங்காது. நினைவு மங்கியவரிடம் இந்தச் சோதனையில் நேரம் கடத்தாதீர்கள், ஸ்கேன்தான்.

கண்ணில் சொட்டு விட்டதும் மூக்கோரத்து உள்மூலையை இரண்டு நிமிடம் அழுத்துங்கள். குழந்தைகளுக்கு அட்ரோபின் சொட்டில் முகம் சிவந்து காய்ச்சல் வருவது, மருந்து கண்ணீர்க்குழாய் வழியாக மூக்குக்கு இறங்கித்தான்.

15. கெடிலக்கரை

ஊமத்தை பேச்சு வந்ததால் கேட்கிறேன். அட்ரோபின் தாண்டியவரையும் ஊமத்தை தின்றவரையும் ஒரே மாதிரிதான் பார்க்க வேண்டுமா?

16. மயக்கவியல்

ஏற்பி மட்டத்தில் ஒன்றேதான். ஊமத்தையில் அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபொலமின் மூன்றும் உண்டு. சிவன் தலையில் சூடுகிற அந்தப் பூவுக்கு ‘மத்தம்’ என்று பெயர், அதே சொல்லுக்குப் பித்து என்றும் பொருள். ஏற்பி கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே பெயர் வைத்தவர் மருத்துவக் குறிப்பையும் எழுதிவிட்டார்.

பித்தேறிய ஆளை முதலில் அக்குளில் பாருங்கள். போதைத் தூண்டிகளிலும் நாடி ஓடும், பாப்பா விரியும், ஆனால் அக்குள் நனைந்திருக்கும். ஊமத்தையில் காய்ந்திருக்கும், குடல் சத்தம் அடங்கியிருக்கும், மூத்திரப்பை நிறைந்திருக்கும்.

குடல் தூங்குவதால் விதை நெடுநேரம் வயிற்றிலேயே கிடக்கும், கரித்தூள் சற்றுத் தாமதமானாலும் பயன்படலாம். கொந்தளிப்புக்கு லோரஸிபம் அல்லது டயஸிபம். குளோர்புரோமசின் வேண்டாம், அதுவே மஸ்கரினிக்கை அடைக்கும். வியர்க்க முடியாதவரைப் பாரசிட்டமாலால் குளிர்விக்க முடியாது, தண்ணீர் தெளித்து ஃபேன் போடுங்கள். மூத்திரக் குழாய் கட்டாயம்.

கோலினெஸ்டரேஸைத் தடுத்து அசிட்டைல்கோலினை ஏற்றும் பைசோஸ்டிக்மின் கிடைத்தால், ஈசிஜியில் க்யூஆர்எஸ் அலை அகலமில்லை என்று பார்த்தபின், பெரியவருக்கு 1 மி.கி. ஐந்து நிமிடத்தில் மெதுவாக. பக்கத்தில் அட்ரோபின் ஊசி தயாராக இருக்க வேண்டும். அதே வகையான நியோஸ்டிக்மின் பதிலாகாது, அது மூளைக்குள் நுழையாது, பித்து தெளியாது. மயக்க மருந்து முடிவில் அதைக் கொடுக்கும்போது 1 மி.கி.க்கு மஸ்கரினிக்கை அடைக்கும் கிளைகோபைரோலேட் 0.2 மி.கி. சேர்ப்பது வேறு கணக்கு: தசைக்கு நிகோடினிக் பலன் வேண்டும், இதயத்தில் எம்2 விழித்துக்கொள்ளக் கூடாது.

17. கெடிலக்கரை

கடைசியாக ஒன்று. அட்ரோபின் சொட்டு குறைத்து நிறுத்தியாச்சு, ஆள் எழுந்து காபி கேட்கிறார். வார்டுக்கு மாற்றலாமா?

18. நைட் டூட்டி சிஸ்டர்

காபி கேட்பதை வைத்து மாற்றாதீர்கள். விஷம் ஏறிய 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் மூச்சுத் தசையும் ஓயும் இடைநிலைத் தளர்ச்சி வரலாம், அதுவும் நிகோடினிக் பக்கம், அக்குளும் நெஞ்சும் எதுவும் காட்டிக்கொடுக்காது. கொழுப்பில் தங்கும் பென்தியான் போன்ற பூச்சிமருந்தில் சில நாள் கழித்து எம்3 பக்கமும் மறுபடி நனையலாம். அதனால் சொட்டு நிறுத்திய பிறகும் குறைந்தது ஒரு நாள் கண்காணிப்பு.

தினமும் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரே சோதனை: மல்லாந்து படுத்தபடி, கையை ஊன்றாமல் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி ஐந்து விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். நேற்று பிடித்தவர் இன்று மூன்றாவது விநாடியில் விட்டால், ஆக்சிஜன் அளவு 98 காட்டினாலும் டாக்டரைக் கூப்பிட்டு வென்டிலேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிடணும். இதற்கும் சார்ட்டில் ஒரு கட்டம் போட்டுக்கோங்க தம்பி, குடல் சத்தத்துக்குப் பக்கத்தில்.